பாதாளத்து வாசலில் ஒரு கோலம்

வீட்டுக் கூடத்தில் மெய்நிகர் விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மரகதவல்லிக்கு வேலை தொடங்கிவிடும். பாதாள விளையாட்டின் மூன்றாம் குகைக்கு அவள்தான் அரக்கி.

"இன்னொரு தடவை செத்தீங்கன்னா அரக்கி வேலையில இருந்து வௌவாலா இறக்கிடுவோம்" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இன்று வந்த நான்கு வீரர்களும் அந்தக் குகையின் நெருப்புத் தரையில் நடப்பதற்கென்றே மலை மலையாக ஏறித் தவமிருந்து மந்திரச் செருப்பு வாங்கியவர்கள். மரகதவல்லி சூலத்தைத் தொடவே இல்லை. குகை வாசலில் கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

நால்வரும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள்.

"ஐயோ, சுடுதே!" என்று தலைவன் துள்ளித் துள்ளி வாசலுக்கு ஓடினான். செருப்புகளைக் காணவில்லை.

பூத வேலையிலிருந்து போன வாரம் வௌவாலாக இறக்கப்பட்ட நாச்சிமுத்து, கூரையில் தலைகீழாகத் தொங்கியபடி குரல் கொடுத்தார்:

"அக்கா, இந்த ஜோடி எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு!"