நீர்நாய் வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி

உறைந்த ஏரியின் மேல் பனிச்சாலை போட வந்த லாரிக்குக் குறுக்கே, கரையோரத்தில் ஒரு நீர்நாய் படுத்துக்கொண்டது.

"வழியை விடு!" என்று உறுமியது லாரி.

"எனக்குக் கீழே வளையில என் குட்டிங்க தூங்குதுங்க. நீ ஏறினா இடிஞ்சு விழும்."

லாரிக்குள் ஒளிர்ந்த டிஜிட்டல் வரைபடம் குறுக்கிட்டது. "இங்கே யாரும் குடியிருக்கறதா என்கிட்ட பதிவே இல்லையே!"

"அப்ப நான் யாராம்?" சீறியது நீர்நாய்.

வரைபடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்மேல் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துக்கொண்டது. "உன் வீட்டைக் குறிச்சாச்சு. இனி உனக்கென்ன கவலை?"

லாரி நிம்மதியாக இன்ஜினை முடுக்கியது.

நீர்நாய் இம்மியும் அசையவில்லை. "புள்ளி வெச்சுட்ட, சரி. சாலை இன்னும் என் குட்டிங்க தலைமேலதானே போகுது? அதை நகர்த்து. நான் நகர மாட்டேன்."