சுவருக்குள் ஒரு விரிசல்

ஒரு வீட்டுச் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயும், அதோடு ஒட்டியிருந்த வளைந்த எல்போவும் இருந்தன. மாடித் தொட்டியிலிருந்து குழாய் கொண்டுவரும் தண்ணீரை எல்போ சமையலறைப் பக்கம் திருப்பிவிடும்.

ஒரு கோடையில் எல்போவில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டது. எல்போ தன்னை இறுக்கிக்கொண்டு, கசிவு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது.

"வழிய விட்டுடு. யாராவது பாத்து சரிபண்ணுவாங்க," என்றது குழாய்.

"சரியெல்லாம் பண்ண மாட்டாங்க. வெட்டித்தான் எடுப்பாங்க. உன்கிட்டயிருந்தும் நாலு விரக்கடை போயிடும்."

"போனா போகட்டும்."

எல்போவுக்கு மனசு வரவில்லை. ஈரம் மெல்லப் பரவி சுவிட்ச் பெட்டியைத் தொட்டது. ஒருநாள் காலை, மிக்ஸி போட வந்த வீட்டுக்காரம்மா மரகதவல்லிக்கு ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து அழுவது சுவருக்குள் கேட்டது.

அந்த நிமிஷமே எல்போ பிடியை விட்டது. பூச்சு உதிர்ந்து தண்ணீர் வழிந்தது.

பிளம்பர் சூசை வந்தார். மெயினை அணைத்தார். சுவரை உடைத்து, எல்போவைக் குழாயின் நுனியோடு சேர்த்து வெட்டி எடுத்தார். அந்த இடத்தில் புதியதை ஒட்டினார்.

எல்லாரும் போன பிறகு புது எல்போ தயங்கித் தயங்கிக் கேட்டது.

"முன்னாடி இங்க இருந்தவன் ரொம்ப மோசமா?"

"இல்லப்பா, நல்லவன்," என்றது குழாய். பிறகு, "மத்தியானம் தண்ணி கொதிக்கக் கொதிக்க வரும். என்மேல நல்லா சாஞ்சுக்கோ," என்றது.