ஒத்திலியாவின் சாப்பாட்டு வண்டி

“துரோகி! யார் வயித்துக்குடி சோறு கொண்டு போற?”

ஹிலாரியோ இப்படிக் கத்தியது சொந்த மனைவி ஒத்திலியாவைப் பார்த்துத்தான்.

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வண்டியை நேராகத் திராட்சைத் தோட்டத்துக்குள் ஓட்டிப் போனாள்.

கூலியைக் கூட்டு, வயலில் குடிக்கத் தண்ணீர் வை என்று நாங்கள் மாதா படம் போட்ட கொடியோடு தோட்டத்து வாசலில் வேலைநிறுத்தம் செய்து ஒரு வாரம். கலிபோர்னியா வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே, கங்காணி மெக்சிகோவிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய புது ஆட்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமும் இன்று பறித்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

“உன் பொண்டாட்டி நமக்கு ஒரு வாய் காபி கொடுத்தாளா மச்சான்?” என்று கிண்டினான் செவெரோ.

“நேத்து கேட்டேன். கத்துறதுக்கு எதுக்குக் காபிங்கிறா!”

அந்தக் கோபத்தையும் சேர்த்து ஹிலாரியோ உள்ளே பார்த்துக் கத்தினான். “அப்பன் பேர் தெரியாத பசங்களா! வெளிய வாங்கடா!”

நானும் விடவில்லை. தொண்டை கட்டும்வரை திட்டினேன்.

மதியம் வண்டி திரும்பியது. பின்னாலேயே அத்தனை பேரும்! பழப்பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். கங்காணி குறுக்கே விழுந்து கெஞ்சியும் ஒருவர்கூட நிற்கவில்லை.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. செவெரோ முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிப்பிடித்து ஆடினான்.

“சோத்துக்குள்ள என்னடி வச்ச? நோட்டீஸா?” ஹிலாரியோ வாயைப் பிளந்தான்.

“பீன்ஸ்தான். இன்னிக்குத்தான் கங்காணி கொஞ்சம் நகர்ந்தான். கூட உக்காந்து சாப்பிட்டேன், எத்தனை பிள்ளைங்கன்னு விசாரிச்சேன், நம்ம விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்துட்டாங்க.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சொல்லியிருந்தா என்னை இவ்வளவு நல்லாத் திட்டியிருப்பியா? நீ திட்டினதைப் பார்த்துத்தான்யா கங்காணி என்னை நம்பி உள்ள விட்டான்!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வந்தவர்களில் பெரியவரான நிக்கானோர் மட்டும் தொப்பியைக் கழற்றி, ஹிலாரியோவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“மாதா படம் போட்ட கொடி வச்சிருக்கீங்கல்ல தம்பி, அது திருவிழாக் கூட்டம், குடிச்சிட்டுக் கத்துதுன்னு கங்காணி சொன்னான். நாங்களும் நம்பிட்டோம். திருவிழாவுல எதுக்கு எங்க அம்மாவைத் திட்டுறாங்கன்னுதான் புரியவே இல்ல.”