முதல் புள்ளி

புது ஜி.பி.எஸ். கருவியைப் பிள்ளையார் காலடியில் வைத்துக் குங்குமம் இட்ட கோமதிநாயகம், "முதல் புள்ளி இதுதாம்ல" என்று எங்கள் தெருக் கோயிலையே அதில் பதிந்தான். அந்தத் திருப்தியில் மலையடிவாரத்தைப் பதிய மறந்துவிட்டான். இப்போது காடெங்கும் மூடுபனி. ஏறி வந்த பாதையைக் காணவில்லை. தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

"கெளம்புன எடத்துக்கே கூட்டிட்டுப் போகும்னு சொன்னியே, அமுக்குல."

அமுக்கினான். குங்குமம் அப்பிய திரையில் அம்பு உறுதியாக நின்றது: பிள்ளையார் கோயில், நூற்று எண்பது கிலோமீட்டர்.

நான் பாறையில் சரிந்தேன். அவன் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. பெருமூச்சு விட்டு, குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"கோயிலை எப்பம்ல சாத்துவாவ?"