லாபம் காட்டிய கம்பெனி

யூபா மொராக்கோ நாட்டின் மரக்கேஷ் நகரில் பாலைவனச் சுற்றுலாக் கம்பெனியின் மேலாளர். காசாபிளாங்காவில் கட்டடம் கட்டும் தாய்க் கம்பெனியோ கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தது.

"நாம லாபம் காட்டினா நம்ம மேல கை வைக்க மாட்டாங்க" என்று டிரைவர்களிடம் சொல்லியிருந்தான் யூபா. அதை நம்பிப் பெருநாளன்றுகூட அவர்கள் வண்டி எடுத்தார்கள். டிரைவர் ஹஸ்ஸூ தன் தங்கை கல்யாணத்துக்கே போகவில்லை. சீசன் முழுக்க ஒரு சீட்கூடக் காலியில்லை.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஸுபைதா மேடம் வந்திருந்தார். கணக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க கம்பெனிகள்ல லாபத்துல ஓடுறது உங்களுது ஒண்ணுதான், யூபா."

"அப்போ நாங்க தப்பிச்சோமா, மேடம்?"

அவர் புதினா டீயைக் கீழே வைத்தார். "அதனாலதான் முதல்ல இதை வித்துட்டோம். நஷ்டத்துல ஓடுறதை எவன் வாங்குவான்?"

"வாங்கினவங்க எங்களை வச்சுக்குவாங்கல்ல?"

"அவங்ககிட்ட வண்டியும் இருக்கு, டிரைவரும் இருக்காங்க. உங்க வாடிக்கையாளர்கள் மட்டும் போதுமாம்."

"நஷ்டத்துல ஓடுற மத்த கம்பெனி ஆளுங்க?"

"அவங்களுக்கு வேலை போகாது. உங்களை வித்த காசுலதான் அவங்க சம்பளமே."

யூபா வெளியே வந்தான். பஸ் நிழலில் காத்திருந்த டிரைவர்கள் எழுந்தார்கள்.

"மேடம் சிரிச்ச முகமா இருந்தாங்களே, நல்ல சேதிதானண்ணே?" என்றான் ஹஸ்ஸூ.

யூபாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாம கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கணும், ஹஸ்ஸூ."