கீறல் சிடியும் பாடும்

கடையில் போட்டுப் பார்த்த இரண்டாவது பிளேயரும் சிடியைத் துப்பியது.

திரையில் வெள்ளை எழுத்து. உள்ளே டிஸ்க்கே இல்லையாம்.

அவள் தட்டிலிருந்து சிடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்தால் போகிற கீறலா அது? நடுவிலிருந்து விளிம்பு வரை, ஆணியால் இழுத்த மாதிரி நாலைந்து கோடுகள்.

பக்கத்தில் நின்ற புருஷன் கொட்டாவி விட்டான்.

"நாந்தான் சொன்னனே அம்மிணி, சிடி போயிருச்சுன்னு. இருக்கறதுலயே வெல கம்மியா ஒண்ணப் பாத்து எடு. போலாம்."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. போன வாரம் சொன்னது வேறு. வீட்டுப் பிளேயரில் லென்ஸ் போய்விட்டது, அதனால்தான் கல்யாண சிடி பாடவில்லை என்றான். சரி, தன் கம்பெனியில் தீபாவளி போனஸ் போட்டதும் புதுசே வாங்கிவிடலாம் என்றாள் அவள். அவன் முகம் சுருங்கியது. செலவை நினைத்துச் சுருங்குகிறது என்று விட்டுவிட்டாள்.

திருப்பூர் முழுக்கக் கையில் போனஸ். கடையில் கால் வைக்க இடமில்லை. பின்னால் நின்றவர்கள் முதுகில் இடித்தார்கள்.

அவள் நகரவில்லை.

அவளுக்கு வேண்டியது சினிமா இல்லை. அந்த சிடியில் இருக்கும் ஒரே ஒரு நிமிடம். அம்மா மேடையேறி, தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி, அவள் கழுத்தில் போட்ட நிமிடம்.

பேசி முடித்துப் போட்ட நகை அல்ல அது. ஆசைக்குப் போட்டது. ஆல்பத்தில்கூட இல்லை. போட்டோக்காரர் பந்திக்குப் போயிருந்தார். வீடியோக்காரர் மட்டும்தான் நின்றார்.

மாமியார் பீரோவுக்குப் போன அந்த ஆரம் இப்போது நாத்தனார் பூங்கொடியின் கழுத்தில்.

பூங்கொடியின் வளைகாப்பில் வைத்துக் கேட்டுவிட்டாள். மாமியார் குரலை இறக்கக்கூட இல்லை.

"உங்கம்மாகாரி எந்தக் காலத்துல ஆரத்தக் கண்டா? அது எங்கூட்டு நகை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும்."

பந்தியில் இருந்த அம்மா சோற்றில் வைத்த கையோடு எழுந்து போனாள். அதற்குப் பிறகு இவர்கள் வாசலை மிதிக்கவில்லை.

அப்போதும் இவன் இலையை விட்டு நிமிரவில்லை. பாயசம் கேட்டான்.

ஒரு பிளேயர் வேண்டும். மாமியாரை அதன் முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து மூன்றாவதை எடுத்தார்.

"பெரிய கம்பெனி பிளேயரெல்லாம் புது மாப்பிள்ள மாதிரிங்கக்கா. சின்னக் கீறலுக்கும் கோவிச்சுக்கும். இது டில்லி அசெம்பிள். கீறல் சிடியும் பாடும், வாணலில வறுத்த சிடியும் பாடும்."

பெட்டியில் ஒட்டிய பெயர் பாதி உரிந்திருந்தது. விலை மற்றவற்றில் பாதி.

அவன் சிரித்தான். "நல்லதே பாடல. இதா பாடப் போகுது? இதையே கட்டுங்க."

"போட்டுப் பாத்துட்டுக் கட்டட்டும்," என்றாள்.

"போடு, போடு. உனக்கும் பொழுது போகோணுமில்ல."

சிடி உள்ளே போனது. கரகரவென்று சத்தம். திரை கறுத்தது. நீலமானது.

நாதஸ்வரம் வந்தது.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. திக்கியது. பிறகு நகர்ந்தது.

ரிமோட்டை வாங்கி வேகமாக ஓட்டினாள். தாலி. மெட்டி. மாமனின் மோதிரம்.

அம்மா.

அம்மா பின்கழுத்தில் கொக்கியைத் துழாவினாள். கழற்றினாள். மகள் கழுத்தில் போட்டாள். பக்கத்தில் மாமியார். அந்த ஆரத்தை விரலால் தூக்கிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"இது வேண்டாம்."

அவன்தான்.

"மட்டமான சாமான். மூணு மாசம் தாங்காது. அந்தப் பெரிய கம்பெனியே எடுத்துக்கலாம். மேல ஆகறத நாந் தர்றேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தலைக்குப் பூ வாங்கினாலும் முழத்தை இழுத்து அளக்கச் சொல்கிறவன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்கண்ணா, அதுல இந்த சிடி பாடலைங்களே?"

"பாடாட்டிப் போச்சாது. பழைய சிடிதான? தூக்கி வீசிட்டுப் போறது."

அவன் விரல் பைக் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தது. அவள் கண் சாவிக்குப் போனது. ஆணியால் இழுத்த மாதிரி அந்தக் கோடுகள்.

அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அவள் சுருட்டி வைத்திருந்த போனஸ் பணத்தை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"இதையே கட்டுங்கண்ணா. சிடி உள்ளயே இருக்கட்டும்."

"சொன்னாக் கேக்க மாட்டியா?" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. வயர்ச் சுருளை இழுத்துப் பிடித்தபடி கேட்டார்.

"எவ்வளவு நீளம் வேணுங்கக்கா? டிவி எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்கம்மா ஊட்டுலங்க," என்றாள் அவள்.