பத்துக்கு எத்தனை?

மனது இன்றைக்கு எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை மார்க் கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டுப் பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற சின்ன டாக்டர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

தீராத மனச்சோர்வுக்கு மூளையில் அறுவை செய்து மூன்று மாதம். அந்த மூளையின் படம் அவர் அறையில், வாங்கிய பட்டங்களுக்கு நடுவே தொங்கியது. மூளைக்குச் சொந்தக்காரி சிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

கட்டிலில் இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

"மார்க்காவது மண்ணாங்கட்டியாவது! எல்லாரும் வெளிய போங்க. அக்கா, நீ மட்டும் இரு."

பெரிய டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. எரிச்சல், வயிற்றுவலி என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். எரிச்சல் அவர் கணக்கு. வயிறு, ஹார்மோன் என்று கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் அடுத்த கட்டிடத்து விவகாரம். படையோடு வெளியேறினார்.

அறுவைக்குக் கையெழுத்துப் போட்டவள் அக்காதான். 'கூடப்பிறந்தவ தலையைத் தொறக்க விட்டுட்டியே' என்று சொந்தபந்தம் காய்ச்சி எடுத்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வீண்தானா?

தங்கை அவளைக் கிட்டே இழுத்து, காதில் என்னவோ சொன்னாள்.

அக்கா ஓடிவந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

வராந்தாவில் பெரிய டாக்டர் துக்கம் விசாரிக்கும் குரலை எடுத்துக்கொண்டார். சில மூளைகள் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், அவ தூரமாயிட்டா!"

"ஐயையோ, எந்த வழியா? எவ்வளவு தூரம் போயிருப்பாங்க? யாருப்பா அங்க, கேட்டை மூடுங்க!"

சின்ன டாக்டர்களில் பெண்கள் இருவர் ஃபைலால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காவலாளி ஒருவர் நிஜமாகவே ஓடினார்.

நோய் வந்த புதிதில் தங்கைக்கு முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் பசி, அப்புறம் பேச்சு. கடைசியில், முப்பது வயதிலேயே, மாதவிலக்கும் நின்றுபோயிற்று. கடைசியாகப் போனது இன்றைக்கு முதல் ஆளாகத் திரும்பியிருக்கிறது.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"நாலு வருஷ தூரம் டாக்டர். இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கா. கொஞ்சம் நகருங்க, நான் மருந்துக்கடைக்குப் போகணும்."